மூணு காலேஜ், ஒரு 172 கட்-ஆஃப்: சாய்ஸ் லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பார்க்கணும்

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அக்கா பையன் கட்-ஆஃப் 172. மேத்ஸ் 88, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் 84, அது ரெண்டையும் பாதியாக்கினா 42 42, எல்லாத்தையும் கூட்டினா 200-க்கு 172. ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே வீட்டுல ஆளுக்கொரு காலேஜ் பேரைச் சொல்ல ஆரம்பிச்சாச்சு. 195 எடுத்தவனுக்குக் குழப்பம் இல்ல, 100 எடுத்தவனுக்கும் பெருசா இல்ல, இந்த 160-லருந்து 180 வரைக்கும் எடுத்தவன் வீட்டுலதான் ராத்திரி தூக்கம் போகுது. ஏன்னா கையில நிஜமாவே மூணு நாலு வழி இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை இருக்கும்.

எங்க வீட்டுல முக்கியமா அடிபட்டது மூணு. திருநெல்வேலி கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல், அம்பையிலருந்து தினமும் போய்ட்டு வரலாம். கோயம்புத்தூர்ல ஒரு பிரைவேட் காலேஜ்ல ஐ.டி., ஹாஸ்டல். சென்னைக்கு வெளிய ஒரு காலேஜ்ல ஏஐ டேட்டா சயின்ஸ், ஹாஸ்டல். பையனுக்குச் சென்னை, அக்காவுக்கு நெல்லை, அத்தானுக்கு யாரு கடைசியா பேசினாங்களோ அவங்க சொன்னது.

முதல்ல காசு. இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் பாதி வீட்டுல தப்பு நடக்குது, பையன்கிட்ட "நீ படி, காசைப் பத்திக் கவலைப்படாத"ன்னு சொல்லிட்டு அப்புறம் ரெண்டாவது வருஷம் நகையை அடகு வைக்கிறாங்க. பையனைப் பக்கத்துல உட்கார வெச்சே ஒரு பேப்பர்ல நாலு வருஷக் கணக்கையும் எழுதுங்க. ஒரு வருஷ ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க. கவுன்சிலிங்ல போனா பிரைவேட் காலேஜுக்கு ஃபீஸ் கமிட்டி 2017-ல வெச்ச டியூஷன் ஃபீஸ் 50,000, அக்ரெடிட்டேஷன் (தர அங்கீகாரம்) இருக்கிற கோர்ஸுக்கு 55,000. இதைப் பார்த்துட்டு "பரவால்லயே"ன்னு தோணும். ஆனா அது டியூஷன் மட்டும்தான். நாங்க கோயம்புத்தூருக்கு விசாரிச்சப்போ ஹாஸ்டலும் மெஸ்ஸும் 95,000, ட்ரெய்னிங் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், அது இதுன்னு 20,000, ஊருக்கு வந்து போற செலவு ஒரு 10,000. டியூஷன் 55,000-ஐயும் சேர்த்தா வருஷத்துக்கு 1,80,000, நாலு வருஷத்துக்கு 7,20,000. மெஸ் பில் ஒவ்வொரு வருஷமும் ஏறும்ங்கிறதை இதுல சேர்க்கவே இல்ல. நெல்லை கவர்மென்ட் காலேஜ்ல ஃபீஸ் அதுல சின்னப் பங்குதான், பஸ் செலவு சேர்த்தாலும் நாலு வருஷ மொத்தம் கோயம்புத்தூர்ல ஒரு வருஷத்துக்கு ஆகுறதைத் தொடல.

காலேஜ்காரங்களுக்கு ஃபோன் பண்ணும்போது "ஃபீஸ் எவ்வளவு"ன்னு கேட்காதீங்க, ஒரு நம்பர் சொல்லி வெச்சிடுவாங்க. "முதல் வருஷம் மொத்தமா என் கையிலருந்து எவ்வளவு போகும், எதெதுக்கு"ன்னு கேளுங்க. மெஸ் ஃபிக்ஸட் ரேட்டா, இல்ல டிவைடிங் சிஸ்டமான்னு (அந்த மாசச் செலவை எல்லாருக்கும் பங்கு போடுறது) கேளுங்க. பஸ் ஃபீஸ் தனியா, ஹாஸ்டல்ல இருந்தாலும் பஸ்ஸுக்குக் கட்டணுமான்னும் கேளுங்க, சிரிக்காதீங்க, அப்படியும் வாங்குற இடம் இருக்கு.

அப்புறம் சலுகை. வீட்டுல இதுவரைக்கும் யாருமே டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கி டியூஷன் ஃபீஸ்ல 25,000 வரைக்கும் குறைக்கலாம், இ-சேவை மையத்துல அப்ளை பண்ணணும், கடைசி நேரத்துல போய் நிக்காதீங்க. எங்க அக்கா அஞ்சல் வழியில பி.ஏ. முடிச்சிருக்கா, அதனால எங்களுக்குக் கிடையாது. அத்தான் ரெண்டு நாள் "நீ ஏன் அதைப் படிச்ச"ன்னு அவளைக் கிண்டல் பண்ணிட்டே இருந்தாரு. ஆறாவதுலருந்து பன்னிரண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைன்னா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, இன்ஜினியரிங்குக்கு 2021-ல வந்தது, அதுல சீட் கிடைச்சா டியூஷன், ஹாஸ்டல் எல்லாமே அரசு கட்டும். அந்த வீட்டுக்கு நான் மேல சொன்ன காசுக் கணக்கே வேண்டாம், நேரா காலேஜ் தரத்தை மட்டும் பாருங்க. இதே மாதிரி கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் பேங்க் அக்கவுண்ட்ல வருது, பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் 2022-ல, பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல ஆரம்பிச்சது. நாலு வருஷத்துக்கு 48,000, பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அதுவே ஓடிடும்.

எஜுகேஷன் லோன் எடுத்துக்கலாம்னு நினைச்சீங்கன்னா, 4 லட்சம் வரைக்கும் அடமானமும் வேண்டாம் ஜாமீனும் வேண்டாம், அப்பா அம்மா கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டாப் போதும், 7.5 லட்சம் வரைக்கும் பேங்கைப் பொறுத்து மூணாவது ஆள் ஜாமீன் கேட்கலாம், அதுக்கு மேல போனாதான் சொத்துப் பத்திரம். குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற காலத்து வட்டிக்கு மானியமும் உண்டு, ஆனா காலேஜுக்கோ கோர்ஸுக்கோ நாக் (NAAC) இல்லன்னா என்பிஏ (NBA) அக்ரெடிட்டேஷன் இருக்கணும், இதைச் சேர்றதுக்கு முன்னாடியே பாருங்க. 4 லட்சத்தை 10 சதவீத வட்டியில ஏழு வருஷத்துல கட்டினா மாசம் 6,600 சொச்சம் வரும், படிக்கிற காலத்துல ஏறுற வட்டியை விட்டுட்டே சொல்றேன். முதல் வேலையில 15,000 சம்பளம் வாங்குற பையன் அதுல ரூம் வாடகையும் கொடுத்து இதையும் கட்டணும், இந்த ஒரு வரியைப் பையன் கையாலயே எழுத வெச்சோம், அப்பதான் அவன் சென்னையைப் பத்திப் பேசுறதைக் கொஞ்சம் நிறுத்தினான்.

தூரத்தைக் கிலோமீட்டர்ல அளக்காதீங்க. வீட்டு வாசல்லருந்து காலேஜ் கேட் வரைக்கும் எவ்வளவு நேரம், அதுவும் காலையில ஆபீஸ் கூட்டத்துல. நாங்க ஒரு திங்கக்கிழமை நானும் அவனுமா கிளம்பி அம்பை பஸ் ஸ்டாண்டுலருந்து காலேஜ் வரைக்கும் நிஜமாவே போய்ப் பார்த்தோம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேலயே ஆச்சு, பாதி தூரம் நின்னுட்டு. போக வர மூணு மணி நேரம், நாலு வருஷம். முடியாதுன்னு இல்ல, ஆயிரக்கணக்கான பிள்ளைங்க பண்றாங்க. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு ப்ராஜெக்ட்டுக்கோ கிளப்புக்கோ இருக்க முடியாது, லாஸ்ட் பஸ்ஸைப் பார்க்கணும். அதுக்குத்தான் வீட்டுல இருந்தா போதும்னு உடனே முடிவு பண்ணாம, அதே காலேஜ்ல ஹாஸ்டல்ல இருந்தா எவ்வளவு ஆகும்னு தனியா ஒரு கணக்குப் போடுங்க. காசு ரொம்ப இடிச்சா பிசி, எம்பிசி, ஆதிதிராவிடர் நல விடுதி காலேஜ் பிள்ளைங்களுக்கும் இருக்கு, தங்குறதும் சாப்பாடும் ஃப்ரீ. பொண்ணு ட்ரெயின்ல போறான்னா வீட்டுலருந்து காலேஜுக்கு டிகிரி முடிக்கிற வரைக்கும் செகண்ட் கிளாஸ் சீசன் டிக்கெட் இலவசம், நிறையப் பேருக்குத் தெரியாது, காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டுப் போய்க் கேட்கணும்.

தூரமா போற பக்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும். உடம்பு சரியில்லைன்னா அம்மா போய்ச் சேர எத்தனை மணி நேரம்? தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்குமா? வீட்டை விட்டு இருந்தே பழகாத பையனா, இல்ல வீட்டுல இருந்தா போன்லயே கிடக்கிற பையனா? எங்க பையன் ரெண்டாவது ரகம், அதனால ஹாஸ்டல்தான் அவனுக்கு நல்லதுன்னு நான் இப்பவும் நம்புறேன், அக்கா ஒத்துக்க மாட்டா.

மூணாவது விஷயம், அந்தக் காலேஜ் இவனுக்குச் சரியா வருமாங்கிறது. இது வெப்சைட்ல தெரியாது, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கார்ல போய் கேம்பஸ் புல்தரையைப் பார்த்தாலும் தெரியாது. கிளாஸ் நடக்கிற நாள்ல போங்க. உள்ள ஒருத்தர் சுத்திக் காட்டுவாரு, ஏசி ஹாலைக் காட்டுவாரு, அதெல்லாம் முடிஞ்சதும் வெளிய டீக்கடையில நில்லுங்க, மூணாவது வருஷம் நாலாவது வருஷம் படிக்கிற பசங்க வருவாங்க. "தம்பி, உங்க கிளாஸ்ல 60 பேரு, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு, என்ன சம்பளம்"னு கேளுங்க. கேட்ல இருக்கிற பேனர்ல போட்டிருக்கிறது ஆஃபர் எண்ணிக்கை, ஒரே பையன் மூணு கம்பெனியில வாங்கினா மூணுன்னு எண்ணுவாங்க. அப்புறம் எந்த சப்ஜெக்டுக்கு வாத்தியார் வருஷத்துல ரெண்டு தடவை மாறுறாங்க, எதுக்கெல்லாம் ஃபைன் போடுறாங்க, லேப்ல மெஷினைத் தொட விடுறாங்களா. நாங்க போன ஒரு இடத்துல பையன் பொண்ணு பேசினா ஐடி கார்டைப் பிடுங்கி வெச்சிடுவாங்கன்னு சொன்னான் ஒருத்தன், சொல்லிட்டே சுத்திமுத்திப் பார்த்தான். அந்தப் பார்வையே போதும், லிஸ்ட்லருந்து எடுத்துட்டோம்.

அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டருக்குச் செமஸ்டர் இணைப்புக் கல்லூரிகளோட பாஸ் பெர்சன்டேஜ் வெளியிடுது, அதையும் ரெண்டு மூணு செமஸ்டருக்குப் பாருங்க, ஒரு செமஸ்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. அட்டானமஸ் காலேஜை இதோட ஒப்பிட முடியாது, அவங்களே கொஸ்டின் பேப்பர் எடுத்து அவங்களே திருத்துறாங்க. இன்னொண்ணு, பேர்ல "அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு இருந்தாலே சென்னையில இருக்கிற கிண்டி கேம்பஸ்னு நினைச்சுடாதீங்க, கோவை, மதுரை, நெல்லையில ரீஜினல் கேம்பஸ் இருக்கு, தூத்துக்குடி மாதிரி ஊர்ல உறுப்புக் கல்லூரி இருக்கு. கிண்டி இல்லைன்னாலும் ஃபீஸ் கம்மி, சுத்துப்பட்டு பிள்ளைங்க லிஸ்ட்ல வெக்காம விடக் கூடாத இடங்கள். கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக் மாதிரி எய்டட் (அரசு உதவி பெறுற) காலேஜ்ல ஒரே காலேஜுக்குள்ளயே எய்டட் கோர்ஸ் ஃபீஸ் வேற, செல்ஃப் சப்போர்ட்டிங் கோர்ஸ் ஃபீஸ் வேற, கோர்ஸ் பேருக்குப் பின்னாடி எஸ்எஸ்-னு இருக்கான்னு பாருங்க.

இப்ப சாய்ஸ் ஃபில்லிங். சிஸ்டம் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருத்தர் லிஸ்டையும் மேலருந்து கீழ பார்த்துட்டே வரும், எது முதல்ல காலியா இருக்கோ அதைக் கொடுக்கும். அதனால கிடைக்காதுன்னு நினைக்கிற காலேஜை மேல வெச்சா எந்த நஷ்டமும் இல்ல. நஷ்டம் எதுலன்னா, உங்களுக்கு உண்மையிலேயே பிடிச்சதைக் கீழயும், கிடைச்சிடும்னு தோணுறதை மேலயும் வெச்சீங்கன்னா மேல உள்ளதே விழுந்துடும், அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல. போகவே மாட்டேன்னு தெரிஞ்ச காலேஜைச் சும்மா நிரப்புறதுக்காகப் போடாதீங்க. காலேஜ் பேரை நம்பாதீங்க, ஒரே மாதிரி சாமி பேர்ல ஏகப்பட்ட காலேஜ் இருக்கு, கோடு நம்பரைப் பாருங்க. 1-ன்னா கிண்டி, 2005-ன்னா ஜிசிடி (கோயம்புத்தூர் கவர்மென்ட் காலேஜ் ஆஃப் டெக்னாலஜி), 2006-ன்னா பிஎஸ்ஜி டெக், இப்படி. லாக் பண்றதுக்கு முந்தின நாள் ராத்திரி லிஸ்டை ப்ரிண்ட் எடுத்து, அடுத்தடுத்த ரெண்டு ரெண்டா பார்த்து "இது ரெண்டும் கிடைச்சா எதுக்குப் போவ"ன்னு பையன்கிட்ட கேட்டுக்கிட்டே வாங்க. நாங்க அப்படிப் பண்ணப்போ பதினோரு இடம் மாறுச்சு.

டென்டேட்டிவ் அலாட்மென்ட் வந்ததும் எங்களுக்கு விழுந்தது நெல்லை மெக்கானிக்கல், லிஸ்ட்ல ஏழாவது. அதை அக்செப்ட் அண்ட் அப்வேர்டு கொடுத்தோம், அதாவது இது கையில இருக்கட்டும், மேல உள்ளது காலியானா கொடுங்கன்னு அர்த்தம், அதுக்குப் பணத்தை டிஎஃப்சி-ங்கிற கவுன்சிலிங் உதவி மையத்துல கட்டணும். அக்செப்ட் அண்ட் ஜாயின்னா நேரா காலேஜ்ல போய்க் கட்டணும். டிக்ளைன் அண்ட் அப்வேர்டை, அதாவது இது வேண்டாம் மேல உள்ளதுதான் வேணும்ங்கிறதை, தொடும்போது மட்டும் நிதானம், மேல கிடைக்கலைன்னா கையில இருந்ததும் போயிடும். குறிச்ச தேதிக்குள்ள பணம் கட்டலைன்னாலும் அதே கதைதான்.

கவுன்சிலிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு காலேஜ்லருந்து தினம் ஃபோன், "50,000 கட்டி மேனேஜ்மென்ட் சீட்டை பிளாக் பண்ணிக்கோங்க, அப்புறம் கிடைக்காது"ன்னு. அத்தான் கிளம்பியே போயிட்டாரு, பாதி வழியில பிடிச்சுத் திருப்பினோம். ஆகஸ்ட்ல அதே காலேஜ்ல அதே கோர்ஸுக்கு கவுன்சிலிங்லயே சீட் காலியாக் கிடந்துச்சு.

சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், வாங்கி வெச்சிக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லயே சொல்லியிருக்கு. டிசியை மட்டும் வாங்கிப்பாங்க. எல்லாத்தையும் பத்து பத்து ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கோங்க, போட்டோவும் கூட. எங்க அக்கா ஆறுதான் எடுத்துட்டுப் போனா, அட்மிஷன் அன்னிக்கு வெயில்ல ஜெராக்ஸ் கடையைத் தேடி அலைஞ்சா.