வன்னிப் புழுதியில் ஓடும் டிப்பருக்கு ஒயில் தெரிவு

கிரவல் ஏற்றி ஏ9 வீதிக்கும் முல்லைத்தீவின் உள்வீதிகளுக்கும் இடையில் ஓடும் டிப்பருக்கு எஞ்சின் ஒயில் வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன், வாகனக் கைநூல் கூறும் தரக்குறியீடு, உதாரணமாக ஏபிஐ சிஐ-4, கலனில் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். வன்னி வெயிலில் பெரும்பாலான டீசல் எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 என்ற பிசுக்குமைத் (தடிப்புத்) தர ஒயில் பொருந்தும்.

ஒயில் கறுத்துவிட்டதென்று பதற வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பதும் அதன் வேலைதான். ஆனால் அளவுக்கம்பியில் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்பதால், எஞ்சினை இயக்காமல் காரணத்தைத் தேட வேண்டும். புழுதியில் காற்று வடிகட்டியைக் கவனிக்காதவருக்கு விலை உயர்ந்த ஒயிலும் வீண்செலவே.

மாரி வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓடியிருந்தால், கியர் ஒயிலையும் சோதித்து, சேறு கலந்த பழைய கிறீஸ் பிதுங்கி வெளியேறும்வரை கிறீஸ் செலுத்தும் சிறு முனைகளான நிப்பிள்களில் புதியதை அடிக்க வேண்டும்.