நோயாளிங்க பழக்கத்தை மாத்த நர்ஸுங்களுக்கு ட்ரெயினிங் நடத்தப் போறீங்களா? மொதல்ல தலைப்பை சுருக்குங்க

மொரிஷியஸ்ல ரோஸ்ஹில் பக்கத்துல இருந்து எழுதுறேன். இங்க சுகர் எட்டிப் பாக்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும், நம்ம தமிழ் குடும்பங்களும் அதுல விலக்கு இல்ல. ஹெல்த் சென்டர் நர்ஸ், டயட்டீஷியன், யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு ஒர்க்‌ஷாப் நடத்துறது சில வருஷமா என் வேலை. புதுசா நடத்தப் போறவங்க நிறைய பேர் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

"ஆரோக்கியமான வாழ்க்கைமுறை"ன்னு தலைப்பு போட்டா அந்த நாள் வீணாப் போச்சுன்னு வச்சுக்கோங்க. "சாப்பாட்டுல கவனமா இருக்கணும்" அப்படிங்கிறது ஒரு பழக்கமே இல்ல. "வீட்டுல சாயங்காலம் நாலு மணி டீயில மூணு ஸ்பூன் சர்க்கரை போடுறவர் ஒரு ஸ்பூன் போடணும்", இது பழக்கம். யாரு, என்ன, எங்க, எப்போ, இந்த நாலும் அதுல இருக்கு பாருங்க. வர்றவங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே போன் போட்டு, அவங்க தினம் பாக்குற நோயாளிங்ககிட்ட மாறணும்னு ஆசைப்படுற ஒரே ஒரு விஷயத்தை இந்த மாதிரி எழுதிட்டு வரச் சொல்லுங்க. தேதி வைக்கும்போது தைப்பூச காவடி விரத நாளைத் தவிர்த்துடுங்க, பாதி பேர் வர மாட்டாங்க.

காலையில காம்-பி மட்டும் போதும், ஒரு பழக்கம் ஏன் மாறலைன்னு கண்டுபிடிக்க உதவுற முறை அது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல இருந்து சூசன் மிச்சியும் அவங்க கூட ரெண்டு பேரும் 2011ல வெளியிட்டது, அதுக்கு முன்னாடி இருந்த 19 முறைகளை அலசிப் பாத்து செஞ்சது. சாரம் மூணே கேள்விதான்: செய்யத் தெரியுமா, உடம்பு ஒத்துழைக்குமா? சுத்தி இருக்கிறவங்களும் சூழ்நிலையும் விடுதா? மனசு வருதா? நம்ம நர்ஸுங்க மூணாவதுலயே நின்னுடுவாங்க, "அவங்களுக்கு அக்கறையே இல்ல மிஸ்"ம்பாங்க. அதுக்கு நான் எப்பவும் சொல்றது இந்த ஊர் கதைதான். 1987ல அரசாங்கம் ரேஷன் எண்ணெயை பாமாயில்லருந்து சோயா எண்ணெய்க்கு மாத்துச்சு. அந்த வருஷம் எடுத்த சர்வேல ஜனங்களோட சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோல், 1992ல திரும்ப எடுத்தப்போ 4.7. பிரசாரமும் நடந்துச்சுதான், ஆனா வீட்டுல பொரிச்ச காத்தோ பிமா (நம்ம பருப்பு வடை மாதிரி) அதே காத்தோ பிமா, சட்டில இருந்த எண்ணெய்தான் வேற. இதைச் சொன்னதும் ரூம்ல ஒரு அமைதி வரும், நோயாளியைத் திட்டுறது அன்னைக்கு மத்தியானத்தோட நிக்கும்.

2013ல மிச்சி குழு பழக்கத்தை மாத்துற 93 உத்திகளை பேர் வச்சு பட்டியல் போட்டாங்க. அதை முழுசா நடத்தாதீங்க, அஞ்சோ ஆறோ எடுத்துக்கோங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அந்தப் பேர் முக்கியம், ஏன்னா கட்டுரையில "ஆலோசனை வழங்கப்பட்டது"ன்னு மட்டும் எழுதுனா வேற ஊர்ல யாராலயும் அதைத் திரும்பச் செஞ்சு பாக்க முடியாது. நர்ஸுக்கு பேர் வேண்டாம், பேசும்போது அந்த உத்தி வாயில வந்தா போதும்.

மத்தியானம் முழுக்க ரோல்ப்ளே. மூணு மூணு பேரா பிரிங்க: ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் நோயாளி, ஒருத்தர் கையில வாட்ச். இங்கிலீஷ்ல நடிக்க விடாதீங்க, கிளினிக்ல பேசுறது கிரியோல்தானே, அதுலயே பேசட்டும். ஒரு தடவை அஞ்சு நிமிஷ பேச்சுல நோயாளி பேசுனது நாப்பது செகண்ட்தான், அதுவும் "வி மிஸ், வி மிஸ்"னு (ஆமா மிஸ், ஆமா மிஸ்). ரெண்டாவது ரவுண்டுல ஒரே ரூல் வச்சேன், எதையும் சொல்றதுக்கு முன்னாடி "கி ஊ பான்ஸே?" (நீங்க என்ன நினைக்கிறீங்க?)ன்னு கேட்டுட்டு வாயை மூடணும். நோயாளியா உக்காந்திருந்த அக்கா கொஞ்ச நேரம் தரையைப் பாத்தாங்க, அப்புறம் "ஞாயித்துக்கிழமை நாத்தனார் வீட்டுல டீ சர்க்கரை போட்டேதான் வரும், வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க"ன்னாங்க. அக்கறை இல்லாம இல்ல, ரெண்டாவது கேள்விலதான் முள்ளு மாட்டியிருக்கு. உடனே மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன "இப்படி ஆனா அப்படி செய்வேன்" முறையில ஒரு வரி எழுத வச்சோம்: நாத்தனார் கிச்சனுக்குள்ள போனா நானும் கூடவே போய் என் கப்பை நானே கலந்துக்குவேன்.

லன்ச் மேசையும் பாடத்துல சேர்த்திதான். தண்ணி கைக்கெட்டுற இடத்துல, ஆலூடாவும் (இனிப்பு பால் பானம்) ஜூஸும் கடைசி மூலையில. எதை எவ்வளவு எடுத்தாங்கன்னு சாப்பிட்டு முடிச்சதும் அவங்களையே எண்ணச் சொல்லுங்க.

ஒரு நாளோட விட்டுட்டா எல்லாம் கரைஞ்சு போயிடும். நோயாளிகிட்ட கேட்டுக் கேட்டுப் பேசுற முறையை உருவாக்குன வில்லியம் மில்லர் குழுவே 2004ல இதைச் சோதிச்சு வெளியிட்டாங்க, ஒர்க்‌ஷாப் மட்டும் போனவங்களைவிட அதுக்கப்புறம் யாரோட பேச்சைக் கேட்டு கருத்து சொன்னாங்களோ, யாருக்கு போன்ல வழிகாட்டினாங்களோ அவங்களுக்குத்தான் திறமை நல்லா நின்னுச்சு. அதனால ரெண்டாவது வாரம் ஒரு போன், ஆறாவது வாரம் நோயாளி சம்மதத்தோட ரெக்கார்ட் பண்ண ஒரு பேச்சு, இது ரெண்டும் கட்டாயம் வைங்க. "ஒர்க்‌ஷாப் பிடிச்சிருந்ததா"ன்னு கேக்குற ஃபார்மைத் தூக்கிட்டு, அந்த ரெக்கார்டிங்ல நோயாளி எத்தனை நிமிஷம் பேசுறாருன்னு எண்ணுங்க. போன் தேதியை, எல்லாரும் பையைத் தூக்குறதுக்கு முன்னாடியே அவங்கவங்க நோட்டுல எழுத வச்சுடுங்க.