விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது?

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கும் அளவுதான். நல்ல உடம்புக்கு அது பெரிய விஷயமில்லை. இதயமோ நுரையீரலோ ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலே தொந்தரவு தொடங்கிவிடும். அதோடு வறண்ட காற்று, தூக்கமில்லாத இரவு, நேரம் தவறிய மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

5 விமான நிறுவனங்களிலிருந்து தரையில் இருக்கும் மருத்துவ உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுமார் 600 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் இப்படி நடக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் மயக்கம்தான். பாதி வழியில் வேறு ஊரில் இறக்க வேண்டி வந்தது 100க்கு 7 மட்டுமே. ஆகவே பதறாதீர்கள்.

1. முதலில் பொத்தானை அழுத்துங்கள்

தலைக்கு மேலேயோ, திரையிலோ, கைப்பிடியிலோ பணியாளரை அழைக்கும் பொத்தான் இருக்கும். ஆள் சுயநினைவில் இல்லை என்றால் பொத்தானோடு நிற்காமல் சத்தம் போட்டே கூப்பிடுங்கள். பணியாளர்கள் முதலுதவி கற்றவர்கள். ஆக்சிஜன் சிலிண்டர், மருந்துப் பெட்டி எல்லாம் அவர்களிடம் உண்டு. பெரும்பாலான விமானங்களில் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் இருக்கும். பல நிறுவனங்கள் தரையில் இருக்கும் மருத்துவரோடு பேசவும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து நிமிடம் விசிறிக்கொண்டிருப்பதுதான் பெரிய தவறு.

2. பேச்சுக் கொடுங்கள்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் மூன்று கேள்விகள்: என்ன செய்கிறது, சுகர், பிரஷர், இதயக் கோளாறு ஏதாவது உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். மகனையோ மகளையோ பார்க்க வெளிநாடு போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு ஆங்கிலம் வராது. "நெஞ்சை அடைக்குதுப்பா" என்று அவர் சொல்வது பணியாளருக்குப் புரியாது. அந்த நேரத்தில் நீங்கள் செய்யும் மொழிபெயர்ப்பு மருந்துக்குச் சமம். கூட்டாமல் குறைக்காமல், அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

3. அறிகுறிக்கு ஏற்ற உதவி

மயக்கம் என்றால் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். சுகர் இறங்கி நடுக்கமும் வியர்வையுமாக இருந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மட்டும் ஜூஸ் அல்லது சர்க்கரை. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம், வாயில் எதையும் வைக்கவும் வேண்டாம். தலை இடிபடாமல் பார்த்துக்கொண்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து.

நெஞ்சுவலி என்றால் உட்கார்ந்தபடியே அசையாமல் இருக்கட்டும். உங்கள் பையில் இருக்கும் மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள். அதை மருத்துவர் சொல்லட்டும்.

4. மூச்சு இல்லை என்றால்

நினைவும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக்கூடாது. இருக்கையில் வைத்து நெஞ்சை அழுத்திப் பயனில்லை. நடைபாதையிலோ, இடம் இருந்தால் உணவு தயாரிக்கும் பகுதியிலோ கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஏஇடி வந்ததும் அது குரலில் சொல்வதைச் செய்தால் போதும். அதிர்ச்சி தேவையா என்பதை அதுவே கண்டுபிடிக்கும்.

5. அப்புறம் விலகி நில்லுங்கள்

விமானத்தில் மருத்துவர் யாராவது இருந்தால் முன்வருவார். வேறு ஊரில் இறக்குவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு. அதில் வாக்குவாதம் வேண்டாம். தரையிறங்கியதும் மருத்துவக் குழு உள்ளே வரும் வரை எல்லோரும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அப்பா, அம்மாவை அனுப்பி வைக்கிறீர்களா? மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் போகும் பெட்டியில் அல்ல. மாத்திரைப் பெயர், அளவு, உள்ள நோய்கள், ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.