கவுன்சில் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது

கவுன்சில் வீட்டுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீட்டுக்கு, எப்படிப் பதிவது, எத்தனை வருடம் காத்திருப்பது என்று லண்டனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிடைத்த வீட்டை எப்படி ஒப்படைப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாமான்களை வான் வண்டியில் ஏற்றினேன், கதவைப் பூட்டினேன், திறப்பை ஒரு கடித உறையில் போட்டு அலுவலகத் தபால் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தேன். ஐந்து கிழமை கழித்து வாடகைப் பாக்கி என்று கடிதம் வந்தது. நான் வெளியேறியது அவர்களுடைய கணக்கில் ஏறவே இல்லை.

நீங்கள் வீட்டில் இல்லை என்பதால் வாடகை நிற்காது. வீட்டை விடப்போகிறேன் என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். கவுன்சில் என்றாலும், லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேசன் என்றாலும் பொதுவாகக் குறைந்தது நான்கு கிழமைக்கு முன் கொடுக்கவேண்டும். வாடகைக் கிழமை அநேகமான இடங்களில் திங்களில் தொடங்குவதால், நோட்டீஸ் ஞாயிறு அல்லது திங்களில் முடியவேண்டும் என்பார்கள். திறப்பைத் திங்கள் மதியம் 12 மணிக்குள் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை கொண்டுபோனால் இன்னொரு கிழமை வாடகை விழலாம். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

நோட்டீஸ் எழுதும் முன் ஒன்றை யோசியுங்கள். கொடுத்த நோட்டீஸை நீங்கள் நினைத்தபடி திருப்பி வாங்க முடியாது. புது வீட்டுக்குக் கையெழுத்து வைக்கும்வரை பழைய வீட்டை விடாதீர்கள். ஈரம், பூஞ்சை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று வெறுத்துப்போய் விட்டுவிட்டு, பிறகு இருக்க இடமில்லை என்று போய் நின்றால், ‘வேண்டுமென்றே வீடிழந்தவர்’ என்று முடிவெடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த முடிவு வந்தால் கவுன்சில் உங்களுக்கு நிரந்தர வீடு தேடித் தரவேண்டிய கடமை இல்லாமல் போகும். கோபத்தில் இருக்கும் கிழமையில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை தரும் தொண்டு நிறுவன ஆட்களோடு இலவசமாகக் கதைக்கலாம்.

இடம்தான் பிரச்சினை என்றால் வீட்டை விடத் தேவையில்லை, இன்னொரு வாடகைக்காரரோடு மாற்றிக்கொள்ளலாம். கவுன்சில் வாடகைக்காரர் விண்ணப்பித்தால் 42 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். எழுத்தில் அனுமதி வரும்முன் சாமான் தூக்கினால் இரண்டு குடும்பமும் வீட்டை இழக்கும் நிலை வரலாம்.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத விடயம் கூட்டு ஒப்பந்தம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால், வழக்கமான கிழமை வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்தாலே முழு ஒப்பந்தமும் முடிந்துவிடும். மற்றவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. 90களின் தொடக்கத்தில் ஹாமர்ஸ்மித் கவுன்சில் வழக்கில் அப்போது அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இப்படித்தான் தீர்ப்பளித்தது. குடும்பத்தில் பிளவு வரும்போது பிள்ளைகளோடு இருக்கும் தாயோ தகப்பனோ இதை அறிந்திருக்கவேண்டும். ‘என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்’ என்று நினைத்துக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வைப்பது வீட்டையே முடித்துவிடக்கூடும். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடி, மிரட்டலுக்குப் பயந்து வெளியேறும் சகோதரிகளே, வெளியேறியதால் அந்த வீட்டில் உங்கள் உரிமை உடனே போய்விடாது. திரும்பி வரும் எண்ணம் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் இரண்டு வீட்டு வாடகைக்கும் 12 மாதம்வரை உதவ இடமுண்டு.

அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்த வீடு என்றால், அவர்கள் இறந்த அன்று ஒப்பந்தம் தானாக முடியாது. முறையாக நோட்டீஸ் கொடுத்து முடிக்கும்வரை வாடகை ஏறும். அது அவர்கள் விட்டுச்சென்ற பணத்திலிருந்து போகவேண்டியது. பிள்ளைகளின் சொந்தக் கடன் அல்ல. ஆனால் யாராவது அவர்களோடு கூட வாழ்ந்திருந்தால் நோட்டீஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள். கவுன்சில் ஒப்பந்தம் 2012 ஏப்ரல் 1க்கு முன் தொடங்கியதென்றால், 12 மாதம் கூட இருந்த பிள்ளைக்கும் அந்த வீடு கிடைக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே ஒருவர் இறந்து ஒருமுறை கைமாறிய வீடென்றால் அந்த வாய்ப்பு பொதுவாக இல்லை.

‘சும்மா பூட்டிவைக்காமல் நம்ம பொடியன் ஒருவனை இருத்திவிட்டுப் போவோம்’ என்ற பேச்சு வரும். நீங்கள் போய்விட்டு வீட்டை வேறு ஆளுக்கு வாடகைக்கு விடுவது 2013 முதல் இங்கிலாந்தில் குற்றம். நேர்மையற்ற நோக்கம் நிரூபணமானால் இரண்டு வருடம்வரை சிறை. அந்தப் பொடியனும் நடுத்தெருவில் நிற்பான்.

இனி வீடு. போகுமுன் ஒரு அதிகாரியை வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எதைத் திருத்தவேண்டும், எதைக் கழற்றவேண்டும் என்று அவரே சொல்வார். எங்கள் வீட்டில் அதிக வேலை வைத்தது சாமிப்படம் இருந்த மூலை. பதினொரு வருடம் விளக்கேற்றிய சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுத்த புகைக்கோடு, அதற்கு மேல் ஆறு ஆணித் துளைகள், கீழே குங்குமம் ஊறிய தரை. இரண்டு நாள் தேய்த்து, துளை அடைத்து, வெள்ளை அடித்தோம். குசினியில் அடுப்புக்கு மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு இன்னொரு நாள். காஸ் அடுப்பை நீங்களே கழற்றவேண்டாம், காஸ் வேலைக்கு அனுமதி உள்ளவர்களின் பட்டியலான காஸ் சேஃப் பதிவில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். ஷெட்டில் விட்டுப்போன ஃப்ரீசருக்கும் பழைய மெத்தைக்கும் அகற்றும் கூலி பிறகு பில்லாக வரும்.

கடைசி நாள் ஒவ்வொரு அறையையும் படமெடுங்கள், மின்சார, காஸ் மீட்டர் இலக்கங்களையும். கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூர் வரிப் பிரிவுக்குத் தனியாக அறிவியுங்கள், அது வாடகைப் பிரிவுக்குப் போன தகவலோடு தானாகப் போகாமல் விடலாம். வாடகைக் கணக்கில் மேலதிகக் காசு கிடந்தால் எழுதிக் கேளுங்கள்.

திறப்பை அலுவலகத்தில் ஒருவருடைய கையில் கொடுங்கள். முன்கதவின் மின்னணுத் திறப்பான ஃபொப், தபால் பெட்டித் திறப்பு, ஷெட் திறப்பு, எல்லாவற்றையும் எண்ணி, திகதியும் நேரமும் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டுதான் அந்த மேசையை விட்டு எழும்புங்கள்.