லிஃப்ட் கிட் போட்டதும் வந்த உதறல்

பிக்கப்புக்கு, வண்டியை உயர்த்தும் 2 இன்ச் லிஃப்ட் கிட்டும் 265/70 ஆர்17 டயரும் போட்ட பிறகு, சிக்னலில் இருந்து கிளம்பும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் ஓர் உதறல். 30 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் நின்றுவிடும். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் 30-ஐத் தாண்டுவது எங்கே?

எல்லோருக்கும் டயர்மேல்தான் சந்தேகம். வீல் பேலன்சிங், அலைன்மென்ட், முன்டயரைப் பின்னுக்கு மாற்றுவது என எல்லாம் பார்த்தாயிற்று, பலனில்லை. பேலன்ஸ் கோளாறு பெரும்பாலும் 80-க்கு மேல்தான் தெரியும். இதுவோ கிளட்சை விடும்போதே வந்தது. கிளட்சையே மாற்றச் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மச்சான் வீட்டுக்கு ஜிகனியிலிருந்து கிரானைட் ஏற்றி வந்த அன்று உதறல் சுத்தமாக இல்லை. இறக்கியதும் திரும்ப வந்தது. இதைச் சொன்னதுமே ஜே.சி. ரோடு மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பார்த்தார். பின்பக்கம் உயர்ந்ததில், இரண்டு துண்டாக வரும் ஷாஃப்டின் கோணம் மாறியிருந்தது. பாரம் ஏறினால் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி, கோணம் பழையபடி ஆகிவிடுகிறது. கோணத்தைச் சரிசெய்ய, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 10 மி.மீ. ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்து, நீளமான போல்ட்டால் முடுக்கினார். உதறல் போயிற்று. அப்பாடா!

கிட் வாங்கும்போதே அந்த ஸ்பேசர் சேர்த்து வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், பழைய 255/65 டயரிலிருந்து மாறியதில் டயர் விட்டம் சுமார் 4 செ.மீ. கூடியது; ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டிய வண்டியானால், இப்போது 100 என்றால் உண்மையில் 105.