கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் ஓராண்டைத் தொலைக்கும் இடங்கள்

பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே நிற்கும்போது யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "அக்கா, நர்சிங் படிக்கலாம்னு இருக்கேன், எங்க ஆரம்பிக்கிறது?" கேட்பவர் பெரும்பாலும் கணவரின் வேலையோடு இங்கே வந்தவர், கையில் ஊரில் வாங்கிய டிகிரி இருக்கும், சின்னவன் இப்போதுதான் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருப்பான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இப்போது ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்க்கிறேன். நடுவில் ஒரு முழு வருடத்தை இழந்தேன். அந்த வருடம் இன்னொருவருக்கும் போகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்த வழி என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் அரசுக் கல்லூரியில் கிடைப்பது ஏடிஎன் என்ற இரண்டு வருட நர்சிங் டிகிரி. நான்கு வருடம் படித்து பிஎஸ்என் என்ற இளநிலைப் பட்டம் வாங்குபவர் எழுதும் அதே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வைத்தான் ஏடிஎன் முடித்தவரும் எழுதுகிறார், கிடைப்பதும் அதே ஆர்என் உரிமம். கலிஃபோர்னியாவில் வசிப்போருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர் கட்டணம். பெரிய மருத்துவமனைகள் பலவும் பிஎஸ்என் இருந்தால் நல்லது என்கின்றன, அது உண்மை. அதை வேலை பார்த்துக்கொண்டே அப்புறம் முடிக்கலாம், சில கல்லூரிகளில் கால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஒரே சமயத்திலும் படிக்கலாம்.

இவ்வளவு மலிவு, அதே உரிமம் என்றால் போட்டி எப்படி இருக்கும்! குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கம்யூனிட்டி காலேஜில் சேர்வது யாருக்கும் கஷ்டமில்லை, ஆன்லைனில் விண்ணப்பித்தால் மாணவர் எண் வந்துவிடும். அது வந்ததும் நர்சிங்கில் சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நர்சிங் புரோகிராமுக்கு விண்ணப்பம் தனி, விதி தனி, தேதி தனி. முன்பாடங்களை, அதாவது சேர்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய பாடங்களை, முடித்த பிறகுதான் அதைப் போடவே முடியும். ஆக, "இரண்டு வருடம்" என்று சொல்லப்படுவது நடைமுறையில் மூன்றரை, நான்கு வருடம் ஆகும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நான் செய்த தவறு, இன்றும் அதிகம் பேர் செய்வது: விதியைப் படிக்காமல் பாடத்தைப் படிப்பது. அனாடமி, பிசியாலஜி இரண்டையும் ஆன்லைனில், லேபும் ஆன்லைனில் என்று ஒரு கல்லூரியில் படித்தேன். பிள்ளை சின்னவள், வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்ற கணக்கு. நல்ல கிரேடும் வந்தது. விண்ணப்பிக்கப் போன கல்லூரியோ, நேரில் செய்த லேப் மட்டும்தான் செல்லும் என்று தன் விண்ணப்பக் கையேட்டில் தெளிவாக எழுதி வைத்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் திறந்ததே பாடம் முடிந்த பிறகு. ஒரு வருடப் படிப்பு வீணாயிற்று.

ஆகையால் விண்ணப்ப விதியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். கார் ஓட்டிப் போகக்கூடிய தூரத்தில் நான்கைந்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் நர்சிங் பக்கத்திலும் இருக்கும் கையேட்டை எடுத்து ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள்: என்னென்ன முன்பாடங்கள், எத்தனை யூனிட், லேப் நேரில் வேண்டுமா, எத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் (அறிவியல் பாடங்களுக்கு ஐந்து அல்லது ஏழு வருடம் என்று பல இடங்களில் வரம்பு உண்டு), ஒரு பாடத்தை எத்தனை முறை திரும்ப எடுக்கலாம், குறைந்தபட்ச ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) எவ்வளவு. இருபது மைல் தள்ளியிருக்கும் இரண்டு கல்லூரிகளின் விதிகள்கூட ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் கெமிஸ்ட்ரி கட்டாயம், இன்னொன்றில் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டாயம். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி பாடங்களை எடுத்தால் நான்கு இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரே கல்லூரியை நம்பி உட்காராதீர்கள், அது வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி. கையேடு வருடா வருடம் மாறும், போன வருடம் சேர்ந்த தோழி சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அறிவியல் பாடங்கள் சங்கிலி மாதிரி. பல கல்லூரிகளில் கெமிஸ்ட்ரி முடித்தால்தான் மைக்ரோபயாலஜி, அனாடமி முடித்தால்தான் பிசியாலஜி. ஒரு செமஸ்டரில் இடம் கிடைக்காமல் போனால் மொத்தமும் தள்ளிப்போகும். புது மாணவர்களுக்கு வகுப்பைப் பதிவு செய்யும் வாய்ப்பு கடைசியில்தான் வரும், அதற்குள் லேப் வகுப்புகள் நிரம்பிவிடும். உடனே மனம் விட்டுவிட வேண்டாம். வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். வராதவர்களின் இடத்தை ஆசிரியர் அன்றே கொடுப்பது வழக்கம், எனக்கு மைக்ரோபயாலஜி அப்படித்தான் கிடைத்தது.

இரண்டு, மூன்று லேப் பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நம்மவர்களுக்கு ஒரு வேகம் வரும். ஊரில் ஒரே செமஸ்டரில் ஏழெட்டுப் பேப்பர் எழுதிப் பழகியவர்கள்தானே நாம். ஆனால் இங்கே வாரா வாரம் க்விஸ், லேப் தேர்வு, வீட்டுப்பாடம் எல்லாமே கிரேடில் சேரும், கடைசி வாரம் விழுந்து விழுந்து படித்துச் சமாளிக்க முடியாது. விதிப்படி சி கிரேடு போதும்தான், ஆனால் பல கல்லூரிகள் புள்ளி போட்டுத்தான் ஆளைத் தேர்வு செய்கின்றன, அதில் சி வாங்கியவருக்குப் புள்ளிகள் குறையும். பாதியில் விலகினால் பதிவேட்டில் டபிள்யூ விழும், சில கல்லூரிகள் அதையும் ஒரு முயற்சியாக எண்ணும். ஒரு செமஸ்டருக்கு ஒரு பெரிய அறிவியல் பாடம், கூட ஒரு சின்னப் பாடம் என்று போங்கள். நிதானமாக வாங்கிய ஏ உங்களை உள்ளே கொண்டுபோகும்.

சரி, ஊர் டிகிரிக்கு மதிப்பு உண்டா? உண்டு, அது எந்த இடத்தில் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டில் படித்த அறிவியல் பாடங்களை முன்பாடமாகப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை, இங்கிலீஷ் பாடத்தையும் இங்கேயே படிக்கச் சொல்வார்கள். ஆனால் ஒரு பட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்குத் தனியாகப் புள்ளி கிடைக்கும், சில பொதுப் பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கலாம். அதற்கு, ஊர்ப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். கல்லூரி ஏற்கும் நிறுவனம் எது என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் யூனிட்டும் கிரேடும் காட்டுகிற விரிவான அறிக்கையாக வாங்குங்கள். டிகிரியை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கையை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டியவர்கள் உண்டு. ஊர் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவேடு) வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே அந்த வேலையை இன்றே ஆரம்பியுங்கள்.

கலிஃபோர்னியாவில் பல கல்லூரிகள் பல அம்சங்களுக்குப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கின்றன, சில கல்லூரிகள் தகுதியுள்ளவர்களிடையே குலுக்கல் போடுகின்றன. புள்ளி முறைக்கான மாநிலச் சட்டத்தில் நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரிந்தால் அதற்கும் புள்ளி உண்டு, அப்படிப்பட்ட மொழிகளின் பட்டியலில் இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளும் வருகின்றன. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். தமிழ் தெரியும் என்பதை எப்படி நிரூபிக்க வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் கேளுங்கள், ஒன்றிரண்டு புள்ளியில் சீட் மாறிப்போகும் இடம் இது. சிஎன்ஏ (சான்று பெற்ற நர்சிங் உதவியாளர்) வேலை அனுபவத்துக்கும் பல இடங்களில் புள்ளி கிடைக்கிறது. அந்தப் பயிற்சி இங்கே 160 மணி நேரம். புள்ளி இல்லாவிட்டாலும் அதைச் செய்யச் சொல்வேன், ஒருவரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, படுக்கை மாற்றிப் பார்த்த பிறகு இந்த வேலை நமக்கு ஆகுமா என்பது நமக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் டீஸ் என்ற நர்சிங் நுழைவுத் தேர்வு. 170 கேள்விகள், 209 நிமிடம். கலிஃபோர்னியாவில் தேவைப்படும் குறைந்தபட்ச மதிப்பெண் 62 சதவீதம், ஆனால் புள்ளிக்கு அது போதாது, எண்பதுக்கு மேல் குறிவையுங்கள். கணக்கு நமக்குச் சுலபம், அந்தத் தைரியத்தில் போய் அறிவியலிலும் ஆங்கில இலக்கணத்திலும் கோட்டை விடுகிறோம். அறிவியல் பகுதியில் மற்ற எதையும்விட அதிகம் வருவது அனாடமியும் பிசியாலஜியும்தான், எனவே அந்த இரண்டு பாடங்களும் மனதில் பச்சையாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். "சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்" என்று போகவே கூடாது, முதலில் பாஸான மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன.

எச்4 விசாவில் (எச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குக் கிடைப்பது) இருப்பவர்கள் படிக்கலாம், எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. உள்ளூர்க் கட்டணம் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், இல்லாவிட்டால் கட்டணம் பல மடங்கு. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மின்சார பில் எல்லாம் கணவர் பெயரில் மட்டும் இருப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். இன்றைக்கே உங்கள் பெயரையும் சேருங்கள், டிரைவிங் லைசென்ஸ் எடுங்கள். இதைவிடப் பெரிய விஷயம், படித்து முடித்து உரிமம் வாங்கினாலும் வேலை செய்ய ஈஏடி (வேலை அனுமதி அட்டை) அல்லது கிரீன் கார்டு வேண்டும். அது எப்போது வரும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

காத்திருக்க முடியாமல் தனியார் பள்ளிக்குப் போகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "நர்சிங்" என்று சொல்லி எல்விஎன் (ஆர்என்னுக்குக் கீழ்நிலை நர்ஸ்), மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்த்துவிடுவார்கள், அவை ஆர்என் ஆகாது. மாநில நர்சிங் போர்டின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலும், ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் பேர் என்கிளெக்ஸ் பாஸானார்கள் என்பதும் இருக்கிறது, பணம் கட்டும் முன் பாருங்கள். ஃபுளோரிடாவில் மூன்று பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமாக்களை விற்றதாக 2023 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். ஊரில் ஏற்கெனவே பிஎஸ்சி நர்சிங் முடித்தவர்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க ஓடாதீர்கள், முதலில் போர்டில் உங்கள் படிப்பை மதிப்பிடச் சொல்லி விண்ணப்பியுங்கள், ஒன்றிரண்டு பாடம் மட்டும் படித்தால் போதும் என்றுகூடப் பதில் வரலாம்.

கடைசியாக மருத்துவச் சான்றுகள். இடம் கிடைத்ததும் ஹெபடைடிஸ் பி, அம்மை, காசநோய் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று ஊசி முறையில் முடிய ஆறு மாதம் ஆகும். நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், தோலில் போடும் காசநோய்ப் பரிசோதனை பாசிட்டிவ் என்று காட்டலாம், ரத்தப் பரிசோதனையாக எடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை. என் தோழி ஒருத்தி மாற்றுப் பட்டியலில் இருந்தாள். வகுப்பு தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, ஒருவர் விலகிவிட்டார், நாளை மாலைக்குள் எல்லாச் சான்றும் வேண்டும் என்று அழைப்பு வந்தது. அவள் ஃபைல் தயாராக இருந்தது, அன்று இரவே அனுப்பினாள்.