தோசையில் தீர்ந்த வயிற்றுவலி
ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என் மகன் பள்ளி நாளானால் வயிற்றுவலி என்று படுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. திட்டினேன், போனைப் பிடுங்கி வைத்தேன்; பலனில்லை. ஒருநாள் சும்மா 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். 2/5 என்றான். தப்பு. இது சோம்பேறித்தனம் இல்லை, பின்னமே புரியாததால் வந்த கணக்குப் பயம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் பாடமே பின்னங்கள். சின்னப் பிள்ளைகள் புத்தகமா என்று கூச்சப்பட்டான். பழுப்பு அட்டை போட்டு மறைத்துக் கொடுத்தேன். தோசையை ஆறு துண்டாக்கினோம்: பாதிக்கு மூன்று, மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு, ஆக 5/6. இரவில் 20 நிமிடம்தான், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது (கெஞ்சவும் இல்லை).

ஐந்தாறு வாரத்தில் இயற்கணிதத்தில் பின்னம் வந்தாலும் பேனாவைக் கீழே வைக்காமல் போட ஆரம்பித்தான். வயிற்றுவலி இப்போது ஆங்கிலத் தேர்வன்று மட்டும்.